செப்பும் பந்தும்: கண்கட்டு வித்தை பற்றிய ஒரு விளக்கம்

ஒருவன் வரவு செலவுக் கணக்கில் புரட்டுச் செய்தால், ‘செப்படி வித்தை காட்டுகிறான்’ என்று நம்மவர் கூறுவர். அச்சொல் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. செப்பு என்பது சிமிழ் போன்றதொரு சிறு கலம். பெண் குழந்தைகள் சோறு சமைத்து விளையாடும் சிறு மரக் கலங்களைச் செப்புச் சாமான் என்றே இன்றும் அழைக்கிறோம். மூன்று செப்புகளைத் தரையில் கவிழ்த்து வைத்து, அவற்றின் அடியில் சிறு துணிப் பந்துகளை வரவழைத்தும், இருந்த பந்துகளை மறையச் செய்தும் காட்டிய தெரு வித்தைக்காரரின் கலையே செப்படி வித்தை. செப்பிடு வித்தை என்றும் இதனைக் கூறுவதுண்டு. மலையாள நாட்டார் ‘செப்பும் பந்தும்’ என்றே இதற்குப் பெயரிட்டுள்ளனர்.

கம்போங் ராஜாவில் உள்ள நம் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர் நால்வர் இவ்வித்தையைச் சில மாதங்களாகப் பயின்று வருகின்றனர். இதனைக் கேள்வியுற்ற தாயார் ஒருவர், தோட்ட வேலை முடிந்த கையோடு பள்ளிக்கு வந்து, “ஐயா, பிள்ளைக்கு மந்திர தந்திரமெல்லாம் சொல்லித் தர்றீங்களாமே, அதனாலே ஏதும் கெடுதல் வராதுங்களா?” என்று வினவினார். அவருடைய அச்சம் நகைத்து ஒதுக்கத் தக்கதன்று. மந்திரத்தின் பெயரால் கைப்பொருளை இழந்த குடும்பங்கள் தோட்டப்புறங்களில் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஆகவே அவருக்குக் கூறிய விடையைச் சற்றே விரித்து ஈண்டு எழுதுகின்றோம்.

இக்கலை மிகப் பழைமையானது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமாபுரியில் வாழ்ந்த செனெக்கா என்னும் அறிஞர், தம் நண்பருக்கு எழுதிய 45ஆம் கடிதத்தில் வித்தைக்காரரின் கிண்ணங்களையும் கூழாங்கற்களையும் குறிப்பிடுகிறார். அவை யாருக்கும் தீங்கு செய்யாத ஏமாற்று என்றும், செய்யும் வகையை அறிந்துகொண்டால் தமக்குச் சுவை போய்விடும் என்றும் அவர் கருதினார். பிற்பகுதியை நாம் ஏற்கவில்லை. வகையை அறிந்தவனுக்கே வித்தையின் அருமை முழுதும் விளங்கும் என்பது நம் எண்ணம். மிருதங்கம் பயின்றவனுக்குக் கச்சேரியில் சுவை குறைவதில்லையே!

நம் மக்களும் இக்கலையைக் கடல் கடந்து கொண்டு சென்றனர். இராமசாமி என்னும் பெயரை ஆங்கிலேயர் ‘ராமோ சாமி’ எனத் திரித்து வழங்கினர். அப்பெயர் கொண்ட இந்திய வித்தைக்காரர் ஒருவர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் பெரும்புகழ் பெற்று விளங்கினார். வில்லியம் ஹாஸ்லிட் என்னும் ஆங்கிலக் கட்டுரையாளர் 1821இல் வெளியிட்ட நூலில் ‘இந்திய வித்தைக்காரர்கள்’ என்றே ஒரு கட்டுரை உண்டு. தரையில் அமர்ந்து நான்கு பித்தளைப் பந்துகளை மாறி மாறி மேலெறிந்து பிடித்த வித்தைக்காரரைக் கண்டு, தாம் வாழ்நாளில் எதனையேனும் இவ்வளவு செம்மையாகச் செய்ததுண்டா என்று ஹாஸ்லிட் தம்மையே கேட்டுக்கொள்கிறார். அவ்வித்தைக்காரர் இராமசாமியே என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அவர் 1850இல் லண்டனில் வறுமையில் இறந்தார். ஊரார் கைதட்டியது அவருடைய கைத்திறனுக்கு. அதனைப் பலர் கீழை நாட்டு மாயம் என்றும் எண்ணிக்கொண்டனர்.

இனி வித்தைக்கு வருவோம். மேலை நாட்டு வித்தைக்காரர் மேசைக்குப் பின்னே நின்றுகொண்டு, உயரமான உலோகக் கிண்ணங்களைக் கையாள்வார். அவருக்குச் சட்டைப் பை உண்டு, கோட்டு உண்டு, மேசைக்குப் பின்னே மறைவும் உண்டு. நம் நாட்டுத் தெரு வித்தைக்காரருக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. வெயிலில் தரைமேல் குந்தியிருப்பார். முழங்கை வரை வெறுங்கை. நாற்புறமும் கூட்டம். ஆகவே நம்மவரின் செப்பு வேறு வகையாக அமைந்தது. அஃது உயரம் குறைந்து மணி போல் இருக்கும். தலையில் ஒரு குமிழ் இருக்கும். அக்குமிழை இரு விரல்களின் இடுக்கில் பற்றித் தூக்குவதால், மற்ற விரல்கள் இயல்பாகவே மடங்கிச் செப்பின் வாயருகே நிற்கின்றன. மடங்கிய அவ்விரல்களின் நிழலில் ஒரு துணிப் பந்து தங்கியிருந்தால் யார் அறிவார்? செப்பு தரையைத் தொடும் நொடியில் விரல் சற்றே தளர, பந்து உள்ளே போய்விடும். வெறுமையாகக் காட்டிய செப்பின் அடியில் அடுத்த முறை பந்து ‘தோன்றும்’. வித்தையின் பொறி இவ்வளவே. மந்திரம் எதுவும் இல்லை.

நம் கேமரன் மலையில் கம்பளிச் சட்டை அணிவோர் பலர். எனவே நம் மாணவர் வித்தை காட்டும்போது முன்வரிசைப் பிள்ளைகள் ‘கைக்குள்ளே விட்டுட்டான்! சட்டைக் கையைப் பாருங்க!’ என்று கூவுகின்றனர். அது நல்லதே. மாணவன் முகம் சுளிக்காமல் சட்டைக் கையை மெல்ல மடித்து விடுகிறான். அங்கே ஒன்றும் இல்லை. எல்லாரும் அந்த வெறுங்கையை உற்றுநோக்கும் நேரத்தில் மற்றக் கை தன் வேலையை முடித்துவிடுகிறது. பார்ப்போரின் ஐயமே வித்தைக்காரனுக்கு உதவியாகிவிடும் விந்தை இது.

கவனத்தை வேறிடம் திருப்புதல் என்னும் இம்முறையை விளக்குமுன் கண்ணைப் பற்றிச் சிறிது அறிதல் நலம். மலாய்க்காரர் இவ்வித்தையைச் ‘சீலாப் மாத்தா’ என்பர்; கண்ணின் பிழை என்பது பொருள். நாம் ‘கண்கட்டு வித்தை’ என்கிறோம். இரு மொழியினரும் பழியைக் கண்ணின்மேல் போட்டுவிட்டோம். கண்ணின் பங்கு இதில் சிறிதே.

மாணவர்களே, கையை முழுதும் நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்துங்கள். அவ்விரல் நகத்தின் அகலம் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு இடத்தை மட்டுமே நம் கண் ஒரு நேரத்தில் கூர்மையாகக் காண்கிறது. ஐயம் இருப்பின் இந்தப் பக்கத்தில் ஒரு சொல்லின் மேல் விழியை நிறுத்தி, விழியை அசைக்காமல் நான்கு சொற்களுக்கு அப்பால் என்ன அச்சிட்டிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். படிக்க இயலாது. எஞ்சிய இடமெல்லாம் மங்கலாகவே தெரிகிறது. ஆயினும் அனைத்தையும் தெளிவாகக் காண்பதாகவே நாம் நினைக்கிறோம். விடுபட்ட இடங்களை மனம் தன் ஊகத்தால் நிரப்பிவிடுகிறது. அந்த ஊகத்திற்குள்தான் வித்தைக்காரன் தன் பந்தை ஒளிக்கிறான்.

அமெரிக்கரான நார்மன் டிரிப்லெட் என்னும் உளவியலார் 1900இல் வெளியிட்ட ஆய்வொன்று பள்ளிப் பிள்ளைகளை வைத்தே நடத்தப்பட்டது. மேசைக்குப் பின்னே அமர்ந்த ஒருவர் பந்தொன்றை மேலே எறிந்து பிடித்தார். மீண்டும் எறிந்து பிடித்தார். அடுத்த முறை பந்தை மடியில் நழுவவிட்டு, வெறுங்கையை மட்டும் மேலே வீசினார். பந்து மேலே சென்று நடுவானில் மறைந்ததைத் தாம் கண்டதாகவே பிள்ளைகளுள் ஏறத்தாழப் பாதிப் பேர் கூறினர். அவர்கள் பொய் சொல்லவில்லை. எறியாத பந்தை அவர்கள் மனம் எறிந்துகொண்டது.

நூறாண்டுக்குப் பின், 2006இல், இங்கிலாந்தில் குஸ்டாவ் கூன், மைக்கேல் லேண்ட் என்னும் இருவர் இதே வித்தையை நவீனக் கருவிகள் கொண்டு ஆராய்ந்தனர். பார்ப்போரின் விழி எந்நொடியில் எங்கே நிற்கிறது என்பதை அக்கருவி பதிவு செய்யும். வெறுங்கையை வீசும்போது வித்தைக்காரர் தாமும் மேலே நோக்கினால், பார்த்தோரில் 63 விழுக்காட்டினர் பந்து மேலே சென்றதைக் ‘கண்டனர்’. அவர் தம் கையையே நோக்கிக்கொண்டிருந்தால் அத்தொகை 32 விழுக்காடாகக் குறைந்தது. இதனினும் வியப்பு ஒன்றுண்டு. பந்து மேலே போனதைக் கண்டதாகச் சொன்னவர்களில் பலருடைய விழி அவ்விடத்திற்குச் செல்லவே இல்லை. அவர்கள் வித்தைக்காரரின் முகத்தையே அடிக்கடி பார்த்திருந்தனர். கண் ஏமாறவில்லை. ஏமாந்தது முகத்தைப் படித்த மனம்.

செப்பின் சுவர்தான் பந்தை மறைக்கிறது என்று எண்ணுவோருக்கு மற்றொரு சான்று கூறுவோம். பென், டெல்லர் என்னும் அமெரிக்க வித்தைக்காரர் இருவர் ஒளி ஊடுருவும் கிண்ணங்களை வைத்தே இவ்வித்தையைச் செய்து காட்டிப் புகழ் பெற்றனர். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். பந்தை எப்போது எப்படி இடுகிறோம் என்பதையும் கூறிக்கொண்டே செய்வர். அப்படியிருந்தும் பார்ப்போரின் கவனம் கைகளின் விரைவைத் தொடர இயலாமல் தத்தளிக்கும். மறைப்பாக இருப்பது கிண்ணத்தின் சுவரன்று என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை.

அப்படியானால் கவனத்தை எவ்வாறு திருப்புவது? பலர் எண்ணுவது போல், ‘அதோ பார் காக்கை’ என்று கூவி அந்நேரத்தில் பந்தை ஒளிப்பதன்று இது. அவ்வாறு செய்தால் பார்ப்பவன் பின்னர் நினைத்துப் பார்த்து, ‘காக்கையைக் காட்டியபோதுதான் ஏதோ நடந்தது’ என்று கண்டுபிடித்துவிடுவான். தன் கவனம் திருப்பப்பட்டது என்பதையே அவன் அறியக் கூடாது. வித்தைக்காரன் எதனைப் பார்க்கிறானோ அதனையே ஊரார் பார்ப்பர். வகுப்பில் ஆசிரியர் திடீரெனச் சன்னலை நோக்கினால் முப்பது தலைகளும் சன்னல் பக்கம் திரும்புவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். பெரிய அசைவு சிறிய அசைவை விழுங்கிவிடும். ஒரு கை அகலமாக வீசும்போது மற்றக் கையின் விரல் அசைவு கண்ணில் படாது. வினா ஒன்று கேட்டால், கேட்கப்பட்டவர் விடை சொல்லத் தலை நிமிர்ந்து கேட்டவரின் முகத்தைப் பார்ப்பார். சிரிப்பு எழுந்து அடங்கும்வரை எல்லாருடைய கவனமும் தளர்ந்திருக்கும். தெரு வித்தைக்காரர் உடுக்கையை அடிப்பதும், பார்ப்போரில் ஒருவனைக் கேலி செய்வதும், பொம்மையிடம் பேசுவதும் வெறும் பொழுதுபோக்கு அல்ல. ஒவ்வொன்றும் ஒரு திரை.

கைக்கு ஒரு வேலை கொடுத்து ஒளிப்பது இன்னும் நுட்பமானது. மூடிய கை ஐயத்தை விளைவிக்கும். ஆனால் மந்திரக்கோலைப் பற்றிய கை மூடியிருப்பது இயல்பே அன்றோ? எனவே பந்தை ஒளித்த கையில் கோல் இருக்கும். பையில் கைவிட்டு வெளியே எடுத்தால் ‘எதையோ போட்டான்’ என்பர். மந்திரப் பொடி எடுக்கவேண்டும் என்று கூறிப் பையில் கைவிட்டால் எவரும் கேளார். ஒரு சிட்டிகைப் பொடி வெளியே வருகிறது. பந்து உள்ளே போய்விடுகிறது. பொடிக்கு ஆற்றல் உண்டா என்று கேட்டால், உண்டு என்றே சொல்லலாம். கை பைக்குள் போவதற்கு ஒரு காரணத்தைப் படைத்த ஆற்றல் அதற்கு உண்டு.

ஒரு பொருளை மறைக்காமலேயே மறைக்கவும் இயலும். 1830 அளவில் சென்னையில் ஒரு முதியவர் இருந்தார். ஆங்கில ஏடுகள் அவர் பெயரைச் ‘சேஷால்’ என்று குறித்தன. தரையினின்றும் சில அடி உயரத்தில், ஒரு கையை மட்டும் ஒரு கோலின்மேல் தாங்கலாக வைத்துக்கொண்டு, அந்தரத்தில் அமர்ந்து செபமாலை உருட்டுவார். அமர்வதற்கு முன்னும் இறங்கும்போதும் துணி கொண்டு மறைப்பர். கோலின் மேல்முனையில் மான்தோல் சுருள் ஒன்று கிடத்தப்பட்டிருக்கும். கோலின் உட்புறமும் தோல் சுருளும் இரும்புத் தாங்கியை மறைத்திருந்தன என்பதே இவ்வித்தைக்குக் கூறப்படும் விளக்கம். துறவியின் அருகே தண்டமும் மான்தோலும் இருப்பதைக் கண்டு யார்தான் ஐயுறுவர்? அவை இல்லாதிருந்தால்தான் ஏன் இல்லை என்று கேட்டிருப்பர்.

கருவியின் அமைப்பும் கவனத்தைத் திருப்பும் முறையும் நூலைப் படித்தாலே வந்துவிடும். நம் மாணவருக்கு மிகக் கடினமாக இருந்தது மூன்றாவது ஒன்று. அதுவே தன்னம்பிக்கை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பர். பந்தை ஒளித்த பிள்ளையின் கையைப் பாருங்கள்; கட்டை விரல் விறைத்திருக்கும்; முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கும்; பார்க்கக் கூடாது என்று எண்ணிக்கொண்டே ஒளித்த கையை ஒருமுறை பார்த்துவிடுவான். அந்த ஒரு பார்வை போதும், கூட்டம் முழுதும் அங்கே திரும்பிவிடும். சிலர் அச்சத்தால் பேசத் தொடங்குவர். ‘இது சாதாரணக் கிண்ணம், இதில் ஒன்றுமே இல்லை, நன்றாகப் பாருங்கள்’ என்பர். சாதாரணக் கிண்ணத்தைச் சாதாரணக் கிண்ணம் என்று வீட்டில் யாராவது அறிமுகம் செய்வதுண்டா? ஐயம் இல்லாத இடத்தில் ஐயத்தை விதைப்பது இப்பேச்சு. கிண்ணத்தைச் சும்மா கவிழ்த்து வைத்தால் போதும். கேட்டால் காட்டலாம், கேளாதபோது காட்டவேண்டியதில்லை.

நம் மாணவி ஒருத்திக்குப் பந்தைப் பிடித்தால் சுண்டு விரல் கொம்பு போல் நிமிர்ந்துவிடும். எத்தனை முறை சொல்லியும் மாறவில்லை. பிறகு வேறு வழி செய்தோம். நூல் சுற்றிய ஒரு சிறு பந்தை அவள் விரலிடுக்கில் கொடுத்து, பள்ளி விடும்வரை அதை வைத்துக்கொண்டே எல்லா வேலையும் செய்யச் சொன்னோம். அவள் புத்தகம் சுமந்தாள், கரும்பலகையைத் துடைத்தாள், நண்பகல் உணவு உண்டாள். முதல் நாள் ஒன்பது முறை பந்து கீழே விழுந்ததாக அவளே கணக்குச் சொன்னாள். இரண்டு வாரத்தில் பந்து இருப்பதையே கை மறந்துவிட்டது. அதன்பின் சுண்டு விரலும் தானாகவே படுத்துக்கொண்டது. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கவே தயங்கிய பிள்ளை, இன்று முப்பது பேரின் முகத்தை நேரே பார்த்து வினாக் கேட்கிறாள். வித்தையைக் கற்பிக்கத் தொடங்கியபோது இதனை நாம் எதிர்பார்க்கவில்லை.

தொழில்முறை வித்தைக்காரரும் இவ்வாறே நாணயத்தையோ பந்தையோ நாள் முழுதும் கையில் வைத்துப் பழகுவதுண்டு. கேரளத்தின் வாழகுன்னம் நீலகண்டன் நம்பூதிரி (1903–1983) பெரிய பெட்டிகளையோ இயந்திரங்களையோ நம்பாமல், கைத்திறனாலேயே புகழ் கொண்டவர். கேரள மாயவித்தையின் தந்தை என்று அவரைப் போற்றுவர். தெருவில் செப்பும் பந்தும் காட்டுவோரின் கலையை ஒரு நம்பூதிரி கைக்கொண்டு, மேடையில் மதிப்புப் பெறச் செய்தார் என்பது சிறிய செய்தியன்று.

இனி அத்தாயார் கேட்ட கேள்விக்கு வருவோம். வித்தையால் கெடுதல் வருமா? கையில் பந்து இருந்தால் வராது. கையில் பிறர் பொருள் இருந்தால் வரும்.

நாம் சிறுவனாக இருந்த ரப்பர்த் தோட்டத்திற்குச் சம்பள நாளை ஒட்டி மோடி மஸ்தான் ஒருவர் வருவதுண்டு. கீரியும் பாம்பும் சண்டையிடப் போவதாகக் கூறிக் கூட்டம் சேர்ப்பார். கீரி ஒரு முளையில் கட்டிக் கிடக்கும். பாம்பு கூடையில் இருக்கும். இடையிடையே செப்படி வித்தை நடக்கும். இதோ சண்டை, அதோ சண்டை என்று இரண்டு மணி நேரம் போய்விடும். முடிவில் தாயத்துகள் வெளிவரும். சண்டையை எவரும் கண்டதே இல்லை! காத்திருக்க வைத்த சண்டை கூட்டத்தைக் கட்டிப்போட்ட கயிறு. இடையே காட்டிய வித்தை அவருக்குச் சக்தி உண்டு என்பதற்குச் சான்று. விற்பனைக்கு வந்தது தாயத்து. பந்தை மறைத்த அதே கைத்திறன் இங்கே பொய்ச் சரக்கிற்கு நற்சான்று ஆகிவிட்டது.

இதனினும் கொடியது நகை முடிச்சு. வீட்டில் புதையல் இருக்கிறது என்றோ, தோஷம் இருக்கிறது என்றோ ஒருவர் வருவார். நகையைத் துணியில் முடிந்து பூசையில் வைக்கச் சொல்வார். எல்லார் கண்முன்னும் வீட்டார் கையாலேயே முடிச்சுப் போடப்படும். பிறகு, ‘கண்ணை மூடிக் கும்பிடுங்கள்’ என்பார். அதே நிறத் துணியில், அதே பருமனில், கற்கள் முடிந்த இன்னொரு முடிச்சு அவர் பைக்குள் காத்திருக்கிறது. மாற்றுவதற்கு ஒரு நொடி போதும். ‘மூன்று நாள் அவிழ்க்கக் கூடாது, அவிழ்த்தால் குடும்பத்துக்கு ஆகாது’ என்பதே இவ்வித்தையின் உயிர்நாடி. மூன்று நாளில் அவர் எங்கே இருப்பார் என்பதை விளக்க வேண்டியதில்லை. தம் தாயார் தந்த தோட்டை இவ்வாறு இழந்த ஒரு மூதாட்டியை நாம் அறிவோம். பொருள் போனதைவிட, ‘என் கண்ணாலே பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்’ என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதுதான் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. அவர் கண்ணில் குறையில்லை. அறிவிலும் குறையில்லை. உறுதியான குரலில் பேசிய ஒருவரின் முகத்தை அவர் நம்பினார்; உளவியலாரின் கருவிமுன் அமர்ந்தவர்களும் அதைத்தான் செய்தனர்.

மூன்று கிண்ணங்களை வைத்துப் பந்தயம் கட்டச் சொல்லும் சூதும் இவ்வகையே. மேலை நாட்டு நகரங்களில் சுற்றுலாப் பயணிகள் கூடும் இடங்களில் இச்சூதாட்டம் அண்மைக் காலத்திலும் நடந்துவந்துள்ளது. எந்தக் கிண்ணத்தின் அடியில் பந்து உள்ளது என்று கூர்ந்து பார்ப்பதால் பயனில்லை. பந்து பெரும்பாலும் ஆட்டக்காரனின் விரலிடுக்கில்தான் இருக்கும். முன்னதாகப் பணம் வென்று மகிழ்ந்து காட்டுவோர் அவனுடைய கூட்டாளிகள்.

இக்காலத்தில் கிண்ணமும் முடிச்சும் இன்றித் தொலைபேசி வழியாகவே இவ்வேலை நடக்கிறது. காவல் துறை அதிகாரி என்றும் வங்கி அலுவலர் என்றும் உறுதியான குரலில் பேசுவர். ‘உடனே செய்யாவிட்டால் கைது’ என்பர். ‘யாரிடமும் சொல்லாதே’ என்பர். அச்சமும் அவசரமும் அங்கே வீசப்படும் பெரிய கை. வங்கிக் கணக்கின் இரகசிய எண்ணைக் கேட்பது அதன் மறைவில் அசையும் சிறு விரல். பணம் போய்விட்டது என்று உணர்ந்தவர்கள் நாணிக் காலம் தாழ்த்தாமல், 2022இல் அரசாங்கம் அமைத்த தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை 997 என்னும் எண்ணில் அழைக்கவேண்டும். சற்று முன்னே அழைத்தால் பணத்தைத் தடுத்து நிறுத்தவும் வாய்ப்புண்டு.

வித்தையின் உட்பொருளை ஏன் வெளியிடுகிறீர்கள் என்று சிலர் கேட்கக் கூடும். ரெஜினால்டு ஸ்காட் என்னும் ஆங்கிலேயர் 1584இல் ஒரு நூல் வெளியிட்டார். சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டி எளிய மக்களை, சிறப்பாக வயது முதிர்ந்த பெண்களை, வதைத்துக் கொன்ற காலம் அது. அந்நம்பிக்கை பொய் என்று வாதிட்ட அவர், பந்தும் நாணயமும் மறையும் வகையையெல்லாம் அந்நூலில் விளக்கி எழுதினார். வித்தைச் செய்முறையை ஆங்கிலத்தில் விரிவாக விளக்கிய முதல் நூல்களுள் ஒன்று இவ்வாறு மக்களின் உயிரைக் காக்கும் நோக்கத்தோடு பிறந்தது. நம்முடைய நோக்கம் அத்துணைப் பெரிதன்று. ஒரு தோடு காப்பாற்றப்பட்டாலும் நமக்கு நிறைவே.

மாணவர்கள் வீட்டில் பயில ஒன்றைக் கூறுவோம். 20 காசு நாணயம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இடக்கை உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, நாணயத்தின் விளிம்பைக் கட்டை விரலாலும் மற்ற விரல் நுனிகளாலும் பிடியுங்கள். வலக்கை வந்து அதனை எடுக்க வேண்டும். வலக்கைக் கட்டை விரல் நாணயத்தின் அடியிலும், மற்ற விரல்கள் அதன் முன்னாலும் செல்லட்டும். முதலில் ஐம்பது முறை மெய்யாகவே எடுத்துக்கொண்டு போங்கள். எடுத்தபின் இடக்கை எப்படி இருக்கிறது, தோள் எப்படி அசைகிறது, உங்கள் பார்வை எங்கே போகிறது என்று கண்ணாடியில் பாருங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குத் தாவுவோரே பெரும்பாலோர். அவர்கள் பிடிபடுவதும் அதனாலேயே.

பின்பு, வலக்கை விரல்கள் நாணயத்தை மறைக்கும் நொடியில் இடக்கைக் கட்டை விரலைத் தளர்த்துங்கள். நாணயம் இடக்கை விரல்களின் அடிப்பகுதியில் விழும். வலக்கை எதையோ பற்றியது போல மூடிக்கொண்டு விலகட்டும். நாணயம் வலக்கையில் இருப்பதாக நீங்களே நம்புங்கள். அதன் எடையை அங்கே உணருங்கள். உங்கள் விழி வலக்கையோடு போகட்டும். இடக்கை தளர்ந்து கீழே இறங்கட்டும், அல்லது சுட்டு விரலால் வலக்கையைச் சுட்டிக் காட்டட்டும். சுட்டும் கையில் மற்ற விரல்கள் மடங்கியிருப்பது இயல்பு. உடனே வலக்கையைத் திறந்துவிடாதீர்கள். ‘எந்தப் பக்கம் இருக்கிறது, தலையா பூவா?’ என்று எதிரே இருப்பவரைக் கேளுங்கள். அவர் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்த்து விடை சொல்லும்போது, இடக்கை சட்டைப் பையினின்றும் ஒரு பென்சிலை எடுத்து வரட்டும். நாணயம் பையிலேயே தங்கிவிடும். பென்சிலால் வலக்கையை ஒருமுறை தட்டிவிட்டு, விரல்களை ஒவ்வொன்றாகத் திறவுங்கள்.

இடப்பக்கத்தில் அமர்ந்திருப்போருக்கு நாணயம் விழுவது தெரிந்துவிடக் கூடும். ஆதலின் தம்பி தங்கையரை எதிரே உட்காரவைத்துச் செய்க. ஒரே நாளில் ஒருவருக்கே இரண்டாம் முறை செய்து காட்டவேண்டாம். அவர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் நாளைக்கு என்று சொல்லிவிடுங்கள்.